நாடகத்துக்குக் கீழ்ஸ்தாயித் தந்திகள்: நாலு செலோவா, டபுள் பேஸ் தேடுவதா, வயோலாவைச் சேர்ப்பதா?

போன வருஷக் கடைசியிலிருந்து இதே கேள்வி எனக்கு நாலைந்து தடவை வந்துவிட்டது. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறவில்லை. கொழும்பில் ஒரு தமிழ் நாடகம் போடப் போகிறார்கள். கீபோர்டும் பென்டிரைவ் இசையும் அலுத்துவிட்டது, மேடையோரத்தில் ஆட்களை இருத்தி வாசிக்க வைத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். தெரிந்த வட்டத்தில் செலோ படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அப்புறம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வரும்: “அண்ணா, நாலு செலோ எடுப்பமா, இல்லாட்டி ஒரு டபுள் பேஸ் தேடிப் பிடிப்பமா? வயோலா வாசிக்கிற பிள்ளை ஒண்டும் இருக்கு, அதை என்ன செய்யிறது?” (மூன்றும் வயலின் குடும்பம்தான்: வயோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, செலோ கதிரையில் இருந்து முழங்காலுக்கிடையில் வைத்து வாசிப்பது, டபுள் பேஸ் எல்லாவற்றிலும் பெரியது, கீழ்ச்சுருதி கூடியது.)

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி அனுப்பித் தொண்டை கட்டுவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பெரிய இசைப் படிப்புப் படித்தவன் இல்லை. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதப்பட்ட நாடக இசையை, கைவசம் இருக்கிற மூன்று நாலு வாத்தியத்துக்கு வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பழகியவன், அவ்வளவுதான். கீழே வருவது அந்த வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டது.

வயலினே இல்லாமல் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். நம் சபையில் வயலின் எழும்பியதுமே ஒன்று கச்சேரி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் சினிமாவில் தாய் அழுகிற காட்சி ஞாபகம் வரும். செலோவும் பேஸும் அப்படி முந்திக்கொண்டு எதையும் சொல்லிவிடுவதில்லை. செலோவின் அடியிலுள்ள இரண்டு கம்பிகள் ஸட்ஜமம், பஞ்சமம் என்ற இடைவெளியில்தான் சுருதி கூட்டப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்து வில்லை மெல்ல இழுத்தால், தம்புரா கேட்டு வளர்ந்த காது உடனே அடங்கிவிடும். சபை இருமலை நிறுத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

## முதலில், எதை வைத்து முடிவெடுப்பது

வசனம் கேட்குமா. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நான் கூடுதல் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இதில் பிழை விட்டால் மீதி எதுவும் உதவாது.

ஆண்கள் பேசும்போது குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்கிற கணக்கு) வரை இருக்கும், பெண்களுக்கு 165 முதல் 255 வரை. செலோவின் நாலு கம்பிகள் கீழிருந்து மேலாக ஏறக்குறைய 65, 98, 147, 220 ஹேர்ட்ஸ். கணக்குப் புரிகிறதா? நடிகர் குடியிருக்கிற வீட்டின் அதே மாடியில்தான் செலோவும் குடியிருக்கிறது. டபுள் பேஸின் கம்பிகள் 41, 55, 73, 98, அதாவது பெரும்பாலும் குரலுக்குக் கீழே. வயோலா 131இல் தொடங்கி மேலே போகிறது.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. சொல்லைச் சொல்லாகக் கேட்க உதவுகிற மெய்யொலிகளின் சத்து 2000, 3000, 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. கீழ்ச்சுருதிச் சத்தம் பலமாக ஒலித்தால் தனக்கு மேலே இருக்கிற ஒலிகளையும் மூடிவிடும். மேல்ச்சுருதி கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. ஆகவே “செலோ கீழேதானே வாசிக்குது, குரலுக்கு என்ன செய்யும்” என்ற நினைப்பு சரிவராது.

தமிழில் இது இன்னும் மோசம். நம் வசனத்தில் யார், எப்போது, ஆமா இல்லையா என்கிற மூன்றும் கடைசியில்தான் வருகின்றன. பேசுகிறவரின் குரலும் அந்தக் கடைசியில்தான் இறங்கும், மூச்சும் அங்கேதான் முடியும். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை. தாய் படுக்கையில் கிடந்து மகனிடம் சொல்கிறாள், “உன்ர கொப்பர் அந்தக் காணியை விக்கேல்லை.” மூன்று செலோ அடியில் ஒரு ஸ்வரக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன, அழகாகத்தான் இருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த அண்ணை கடைசி வரிசையில் இருந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அப்ப காணியை வித்துப்போட்டாரோ?” நாடகத்தின் பிற்பாதி முழுக்க அந்தக் காணி விற்கப்படவில்லை என்பதில் நிற்கிறது. “ஏல்லை” என்ற அந்தச் சின்னத் துண்டைச் செலோக்கள் விழுங்கிவிட்டன.

மெட்டை யார் எடுப்பது, அடியை யார் பிடிப்பது. ஒரே மாதிரி வாத்தியம் மட்டும் இருந்தால் மெட்டும் அடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேறுவேறு வாத்தியமென்றால் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் ஒருவர் பிசகினாலும் தெரிந்துவிடும்.

காட்சி நீண்டால் இசையும் நீளுமா. மேடையில் கதவு திறக்காது, நடிகர் வரி மறப்பார், மேசை தூக்குகிற பையன்கள் பிந்துவார்கள். திரும்பத் திரும்ப வாசிக்கக்கூடிய, எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய இசை வேண்டும்.

வண்டி, மண்டபம், ஈரக்காற்று. இதைப் பிறகு பார்ப்போம்.

உரிமை. இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். இதற்கும் பிறகு வருகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. என் தீர்ப்பும் இதில் கலந்திருக்கிறது, எடை போட்டுப் படியுங்கள்.

| | நாலு செலோ | இரண்டு செலோ, ஒரு பேஸ் | வயோலா, செலோ, பேஸ் | ஒரு செலோ |
|---|---|---|---|---|
| வசனத்தோடு | கஷ்டம் | நன்று | ஆண் குரலுக்கு நன்று | மிக நன்று |
| வசனமில்லாத காட்சி | மிக நன்று | நன்று | பரவாயில்லை | மெலிவு |
| எழுதித் தருகிற வேலை | கூட | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு |
| ஆள் கிடைப்பது | எளிது | பேஸ்தான் பிரச்சினை | இரண்டு பிரச்சினை | மிக எளிது |
| வண்டி | ஓட்டோ நாலு | வேன் கட்டாயம் | வேன் கட்டாயம் | ஓட்டோ ஒன்று |
| ஒருவர் வராவிட்டால் | முதல் செலோவைத் தவிர சமாளிக்கலாம் | பேஸ் இல்லாவிட்டால் தடுமாற்றம் | கதை முடிந்தது | நாடகமே இசையில்லாமல் |

## நாலு செலோ

பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். ஒரே ஆசிரியரிடம் படிக்கிற பிள்ளைகள், ஒரே மாதிரி வில் பிடிப்பார்கள், ஒத்திகைக்கு ஒன்றாக வருவார்கள், ஒருவரின் கம்பி அறுந்தால் மற்றவரின் பெட்டியில் இருக்கும். ஒரே வாத்தியம் நாலு சேரும்போது வருகிற அந்தத் தடிப்பான, தேன் மாதிரியான நாதத்துக்கு மாற்றே கிடையாது. ரொசினி ‘வில்லியம் டெல்’ ஓபராவின் முன்னிசையைத் தனி வாசிப்புச் செலோக்கள் ஐந்தை வைத்துத் தொடங்கினார். கேட்டுப் பாருங்கள், ஏன் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறதென்று தெரியும்.

சிக்கல் எழுத உட்காரும்போது வரும். பெரிய குழுவில் பேஸ் வாசித்த அடிச்சுவரம் செலோவுக்குக் கீழே போய்விடும், அதை ஒரு ஸ்தாயி மேலே மடிக்க வேண்டும். மடித்தால் மற்றக் குரல்களுடன் நெருக்கியடிக்கும். கீழ்ஸ்தாயியில் ஸட்ஜமத்தையும் காந்தாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாதம் குழம்பிச் சேறாகும், இது ஏட்டுச் சட்டமில்லை, வாசித்தாலே காதில் விழும். அடியில் ஐந்தாம் ஸ்வரம் அல்லது முழு ஸ்தாயி இடைவெளி விட்டு, காந்தாரத்தை மேலே தூக்க வேண்டும். அப்படித் தூக்கத் தூக்க முதல் செலோ மேலே, மேலே என்று ஏறிக்கொண்டே போகும். கட்டைவிரலைக் கம்பியில் வைத்து வாசிக்கிற இடம் வந்துவிடும்.

மறைந்திருக்கிற செலவு அங்கேதான். நாலு பிள்ளைகளில் அந்த உயரத்தில் சுருதி பிசகாமல் வாசிக்கக்கூடியது பெரும்பாலும் ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்களிடம் இருப்பது நாலு செலோக் குழு இல்லை, மூன்று அடிக்குரல்கள். அதோடு கைப்பிடி இல்லாத கதிரை நாலு, தாள் தாங்கி நாலு, அதற்கு லைட் நாலு. வில் இழுக்க முழங்கை விரிகிற இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் சின்ன மண்டபத்தில் மேடையின் ஒரு பக்கமே போய்விடும்.

இது பொருந்துகிற இடம்: வசனம் குறைவான நாடகம், அசைவு நாடகம், காட்சிக்குக் காட்சி இருட்டில் மாறுகிற நாடகம். இன்னொரு சந்தர்ப்பமும் இருக்கிறது. உங்கள் நாடகத்தில் கூத்து மத்தளம் இருந்தால் பேஸை விரலால் சுண்டுகிற வேலையை மறந்துவிடுங்கள், மத்தளத்தின் கனத்த ஒலி வருகிற தொப்பிப் பக்கமும் பேஸும் ஒரே இடத்தில் மோதும். அப்போது வில்லால் இழுக்கிற செலோக்கள் மட்டுமே போதும்.

## இரண்டு செலோ, ஒரு டபுள் பேஸ்

என் ஓட்டு இதற்குத்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

பேஸ் குரலுக்குக் கீழே போய் இருந்துகொள்கிறது. அதனால் வசனம் போகும்போது பேஸை மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டு இரண்டு செலோவையும் நிறுத்தலாம், காட்சியின் கனம் குறையாது, சொல்லும் கேட்கும். அந்தக் காணிக் காட்சியைக் கடைசியில் இப்படித்தான் சரிசெய்தோம். “அந்தக் காணியை” என்ற இடத்தில் செலோக்கள் வில்லை எடுத்துவிடும், “விக்கேல்லை” என்பது பேஸின் ஒற்றைச் சுரத்துக்கு மேலே தனியாக விழும். தாயாக நடித்தவர் ஒத்திகை முடிந்து வந்து, “இப்பத்தான் தம்பி எனக்கு மூச்சு விட இடம் கிடைச்சது” என்றார்.

இந்த அமைப்புக்கு ஏற்கெனவே பாதி எழுதியே இருக்கிற நாடக இசை நோர்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்குடையது. இப்சன் தன்னுடைய ‘பேர் கிந்த்’ நாடகத்தை மேடையேற்ற 1874இல் கிரீக்கிடம் இசை கேட்டார், 1876 பெப்ரவரியில், அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர் கொண்டிருந்த ஒஸ்லோவில் அது மேடையேறியது. அதில் ‘மலை அரசனின் மண்டபத்தில்’ என்கிற பகுதி செலோவும் பேஸும் விரலால் சுண்ட, பசூன் என்கிற கீழ்ஸ்தாயிக் காற்று வாத்தியங்கள் கூட வர, பூனை நடை மாதிரித் தொடங்குகிறது. நீங்கள் செய்ய வேண்டியது குறைவு: பேஸும் இரண்டாம் செலோவும் சுண்டட்டும், மேலே போய்ப் பதில் சொல்கிற வரிகளை முதல் செலோ எடுக்கட்டும். வேகம் ஏறி ஏறிப் போகிற இடத்தில் மட்டும் கவனம். ஒரு கட்டத்துக்கு மேல் பேஸ்காரரின் விரல் நின்றுவிடும், அதற்கு முன்பே வில்லுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். (கிரீக்குக்கே இந்தப் பகுதியைப் பிடிக்கவில்லை, மாட்டுச்சாணி நாற்றம் அடிக்கிறதென்று நண்பருக்கு எழுதினார். சனம் அதைத்தான் இன்றுவரை முணுமுணுக்கிறது.)

அதே நாடகத்தில் ‘ஓசேயின் மரணம்’ என்று தாய் சாகிற இடத்துக்கான இசை. முழுக்கத் தந்தி வாத்தியம்தான், எல்லாவற்றுக்கும் மியூட் (நாதத்தை அடக்க வாத்தியத்தில் மாட்டுகிற சின்னத் துண்டு) போட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். காற்று வாத்தியம் எதையும் இடம் மாற்ற வேண்டிய தலையிடி இல்லை. மியூட் செலோவின் மேலொலிகளைத் தணித்துவிடுவதால் மெய்யொலிகளுக்கு இடம் கிடைக்கும். இதை நாலு செலோவுக்கு எழுதிப் பார்த்தேன், நடுவில் சேறு. பேஸோடு எழுதினேன், அடிச்சுவரம் தன் சொந்த ஸ்தாயிக்குப் போய் உட்கார்ந்ததும் மேலே இரண்டு குரலும் தானாக விலகிக்கொண்டன. மூன்று குரலில் ஸ்வரக்கூட்டின் ஏதோ ஒரு சுரம் விடுபடும், ஐந்தாம் ஸ்வரத்தை விடுங்கள், யாரும் தேடமாட்டார்கள்.

இனி மறைந்திருக்கிற செலவு. கொழும்பில் பேஸ் வாசிக்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இலங்கை சிம்பனி ஓர்க்கெஸ்ட்ரா 1958இலிருந்து இருக்கிறது, அந்த வட்டத்தில் விசாரிக்கலாம். ஆனால் அவர்களுக்கும் அதே மாதத்தில் கச்சேரி இருக்கும். ஜாஸ் வாசிக்கிறவர்கள், தேவாலயக் குழுவில் வாசிக்கிறவர்கள் கிடைப்பார்கள். விரலால் சுண்டுவதில் அவர்களை அடிக்க ஆளில்லை, வில் பிடிக்கச் சொன்னால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். முதல் சந்திப்பிலேயே வில்லோடு ஒரு நீண்ட சுரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், பிறகு சங்கடப்பட வேண்டாம். பேஸுக்கு எழுதும்போது ஒரு ஸ்தாயி மேலே எழுத வேண்டும், எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் அது ஒலிக்கும். இதை மறந்து செலோவின் தாளை அப்படியே கொடுத்து ஒரு ஒத்திகை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

வாத்தியம் ஆளுயரம். பெரியவர்கள் வாசிப்பதும் பெரும்பாலும் முக்கால் அளவு என்று சொல்லப்படுகிற பேஸ்தான், அதுவே ஆறடிக்குக் கிட்ட வரும். ஓட்டோவில் ஏறாது. வேன் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு ஒத்திகைக்கும், போக வர. மண்டபம் மேல்மாடியில் இருந்தால் படிக்கட்டின் திருப்பத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

பேஸ் கிடைக்கவே இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி: பேஸ் கிட்டார். கம்பிகளின் சுருதி அதேதான். சின்ன அம்ப்ளிஃபயரை நிலத்தில் வைத்து மிகக் குறைவாகத் திறந்தால் சுண்டுகிற பகுதிகள் எல்லாம் சரிவரும். நீண்ட சுரங்களுக்கு உதவாது, ‘ஓசேயின் மரணம்’ மாதிரி ஒன்றுக்கு நினைக்கவே வேண்டாம்.

## வயோலா, செலோ, பேஸ்

மூன்று வேறு நிறம், மூன்று வேறு மாடி. மெட்டு வயோலாவில் போகும்போது ஆண் குரலுக்கு மேலே போய்விடுகிறது, பேஸ் கீழே, செலோவை நடுவில் தேவைக்கு மட்டும் தொட்டுக்கொள்ளலாம். இரண்டு ஆண்கள் நீளமாக வாக்குவாதப்படுகிற நாடகம், நக்கல் நாடகம், இதற்கெல்லாம் அருமை. வயோலாவுக்குக் கொஞ்சம் மூக்கால் பேசுகிற குணம் உண்டு, அது நக்கலுக்கு நன்றாக எடுபடும். கமகமும் வரும், பாலமுரளிகிருஷ்ணா வயோலாவில் கர்நாடக இசை வாசித்தவர்தானே.

இதற்கு நான் கொடுப்பது ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல். 1695இல், அவர் செத்துப்போன அதே வருஷம், ‘அப்டெலேஸர்’ என்ற நாடகத்துக்கு எழுதிய ரொண்டோ. பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் பிறகு இதே மெட்டை எடுத்துத்தான் இளைஞர்களுக்கு வாத்தியங்களை அறிமுகப்படுத்துகிற படைப்பைச் செய்தார். டி மைனரில் இருப்பதால் திறந்த கம்பிகள் நிறைய உதவும். பல்லவி மாதிரி முதல் பகுதி திரும்பத் திரும்ப வரும், நடுவில் வேறு இரண்டு பகுதிகள். மேசை தூக்குகிற பையன்கள் பிந்தினால் பல்லவிக்குத் திரும்புங்கள், எத்தனை தடவையும் திரும்பலாம், சபைக்குத் தெரியாது. மூலம் நாலு குரல், உள்குரல் ஒன்றை விட வேண்டிவரும்.

பிரச்சினை இரண்டு. கதாநாயகி நீளமாகப் பேசுகிற நாடகமென்றால் வயோலாவின் கீழ்க் கம்பிகள் அவருடைய குரலின் மீதே ஏறி உட்காரும், நாலு செலோவின் அதே வியாதி இங்கே பெண் குரலுக்கு வரும். இரண்டாவது, “வயலின் பிள்ளைதானே, வயோலாவைக் கையில் குடுத்தால் வாசிக்கும்” என்று நினைக்காதீர்கள். வயோலாவின் தாள் ஆல்ட்டோ கிளெஃப்பில் இருக்கும், அதாவது வயலின் தாளில் ஒரு கோடு காட்டுகிற சுரம் இங்கே வேறு, பழக்கமில்லாத பிள்ளை அதை இரண்டு கிழமையில் பார்த்து வாசிக்காது. வாத்தியமும் பெரிது, வில்லும் பாரம்.

## ஒரே ஒரு செலோ

பணமில்லாதவர்கள் இதைக் கடைசியாக நினைக்கிறார்கள். உண்மையில் வசனம் நிறைந்த நாடகத்துக்கு இது இரண்டாவது நல்ல தெரிவு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ‘சிசிலியென்’ 1898இல் லண்டனில் ‘பெலியாஸும் மெலிசாந்தும்’ நாடகத்துக்குப் போன இசை, அதே வருஷம் அவரே செலோவுக்கும் பியானோவுக்குமாகவும் அதை வெளியிட்டார். ஆகவே செலோவின் வரி தயாராகவே இருக்கிறது.

பதிவுசெய்த இசைக்கு மேலே செலோ வாசிக்கிற யோசனை மட்டும் வேண்டாம். பதிவு காத்திருக்காது. நடிகர் ஒரு வரியை விழுங்கினால் செலோக்காரப் பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும். கரண்ட் போனால் இன்னும் வேடிக்கை. பதிவுக்குப் பதிலாக அடி இரண்டு கம்பியைத் தம்புரா போல இழுத்து, இடையிடையே மெட்டை வாசித்தாலே போதும்.

## மண்டபமும் ஈரக்காற்றும்

லயனல் வென்ட் மாதிரி நாடகத்துக்கென்றே கட்டிய அரங்கு வேறு, கல்யாணமும் அரங்கேற்றமும் நடக்கிற மண்டபம் வேறு. இரண்டாவது வகையில் மேடை பெரும்பாலும் உள்ளே வெறுமையான மரத்தட்டு. செலோவும் பேஸும் நிலத்தில் ஊன்றுகிற ஆணி வழியாக அதிர்வு பலகைக்குப் போய் மேடையே ஒரு பறை மாதிரி முழங்கும். கேட்க முதலில் சந்தோஷமாக இருக்கும், வசனம் தொடங்கியதும் தெரியும். வாத்தியக்காரரை மேடையிலிருந்து இறக்கிச் சீமெந்து நிலத்தில் இருத்துங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அங்கே மாபிள் போட்டிருந்தால் ஆணி வழுக்கும், கதிரைக் காலில் மாட்டுகிற பட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள், பழைய இடுப்புப் பட்டியே போதும். மரமேடையில்தான் இருக்க வேண்டுமென்றால் ஆணிக்கு அடியில் ரப்பர் வையுங்கள். பலகையில் ஓட்டை விழுந்ததற்காக மண்டபக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு இருக்கிறது, எந்த மண்டபமென்று சொல்லமாட்டேன்.

கொழும்பின் ஈரத்தில் முடுக்காணி இறுகும், ஒட்டிய மரம் விளிம்பில் வாய் திறக்கும். கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த வீடுகளில் இருக்கிற வாத்தியங்களின் உருக்குக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். செலோக் கம்பிக்கு ஒரு செட் மேலதிகமாக வாங்கி வையுங்கள், பேஸ் கம்பியென்றால் அதன் விலையை விசாரித்துவிட்டு மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஏசி போட்ட பிறகு அரை மணித்தியாலமாவது வாத்தியங்கள் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சுருதி கூட்டுவது. சனம் வரும்போதுதான் ஏசி போடுவோம் என்கிற மண்டபங்களில் இதை முன்கூட்டிப் பேசி, தேவையென்றால் அந்த அரை மணித்தியாலத்துக்குக் காசு கட்டிவிடுங்கள். பேஸ் இருக்கிற குழுவுக்கு இது இரட்டிப்பு முக்கியம்: பேஸ் கால் சுரம் இறங்கினால் மேலே எல்லோரும் பிழையாகக் கேட்பார்கள், பேஸ் மட்டும் சரியாகக் கேட்கும்.

## உரிமைக் கணக்கு

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி இங்கே ஒரு படைப்பின் உரிமை ஆக்கியவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருஷமும். பர்செல், 1907இல் இறந்த கிரீக், 1924இல் இறந்த ஃபோரே, 1875இல் இறந்த பிசே, எல்லோரும் தாராளமாக வெட்டி ஒட்டக்கூடியவர்கள். எல்லோரும் ஆசைப்படுகிற சிபேலியஸின் ‘வால்ஸ் ட்ரீஸ்ட்’ அப்படி இல்லை. அதுவும் நாடக இசைதான், 1903இல் ‘குவோலெமா’ நாடகத்துக்கு எழுதியது, முதல் வடிவமே தந்தி வாத்தியங்களுக்கு மட்டும், கீழ்ஸ்தாயிக்கு அழகாக இறங்கும். ஆனால் அவர் 1957வரை உயிரோடு இருந்துவிட்டார். 2027 முடியும்வரை அனுமதி கேட்காமல் அதைத் தொடாதீர்கள், வாத்தியம் மாற்றி எழுதுவதற்கும் அனுமதி வேண்டும். இசை பழையதாக இருந்தாலும் இன்றைக்கு யாரோ திருத்திப் பதிப்பித்த தாளுக்கும், யாரோ வாசித்த பதிவுக்கும் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பழைய பதிப்பின் தாளிலிருந்து நீங்களே எழுதிக்கொள்வது உத்தமம்.

சின்னக் குழு என்று யாராவது குறைவாகப் பேசினால் பிசேயைச் சொல்லுங்கள். 1872இல் பாரிஸில் ‘லார்லேசியென்’ நாடகத்துக்கு அவருக்குக் கிடைத்தது 26 பேர்தான். அந்த இசையில் ‘அடாஜியெட்டோ’ என்று மியூட் போட்ட தந்திகளுக்கு மட்டுமான ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. வயதான இருவர் பல வருஷத்துக்குப் பிறகு சந்திக்கிற காட்சி. நாலு செலோ வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டியது இதைத்தான். வசனத்துக்கு அடியில் போடாதீர்கள், வசனம் முடிந்து இருவரும் பேசாமல் நிற்கிற இடத்தில் போடுங்கள்.

எதைத் தெரிவுசெய்தாலும் முதல் முழு ஒத்திகையில் கடைசி வரிசையில் போய் இருங்கள், பிரதியைக் கையில் எடுக்க வேண்டாம், வசனம் பாடமாகத் தெரிந்த ஆளாக இருந்தால் இன்னொருவரை இருத்துங்கள், தேத்தண்ணி கொண்டுவருகிறவர் என்றால் மிக நல்லது. எந்தெந்த வசனத்தின் வால் அவருக்குக் கேட்கவில்லையோ அதையெல்லாம் ஒரு துண்டில் எழுதச் சொல்லி, அந்த இடங்களுக்கு நேரே செலோத் தாளில் பென்சிலால் வட்டம் போட்டு ‘வில்லை எடு’ என்று எழுதிவிடுங்கள். பேனையால் எழுத வேண்டாம், நடிகர்கள் அடுத்த ஒத்திகையில் வேறு இடத்தில் மூச்சு விடுவார்கள்.